முற்றத்துக்கு வந்தது காராமையா, பாலாமையா?

ஆமத்தூர்,
12-2-1962

மதுரையில் விலங்கியல் வாத்தியாராயிருக்கும் மைத்துனர் இராமகிருஷ்ணனுக்கு, மொக்கைச்சாமி அநேக ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அக்கா ராமுத்தாயும் மாடுகன்றுகளும் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க இருக்கன்குடியாள் துணை.

நிற்க. என் மகள் வேலுத்தாயைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை நாரணாபுரத்திலிருந்து வந்தார்கள். பையன் செல்லப்பாண்டி பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். நான் செருப்புத் தேய அலைந்து பிடித்த இடம். கேசரி ஆயிற்று, காப்பி ஆயிற்று, பையனின் அப்பா சோலைச்சாமி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "முகூர்த்தத்த எப்ப வச்சுக்கிருவோம்?" என்று வாயெடுத்த நேரம், அடுக்களைப் பக்கமிருந்து ஓர் ஆமை நிதானமாக நடந்து வந்து நடுமுற்றத்தில் நின்றது. பையன் பெஞ்சு மேல் ஏறிவிட்டான். சோலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டு, "வீட்டுக்குள்ள ஆமை வந்துருச்சே, இனி என்னத்தப் பேச?" என்றார். அட கடவுளே, அலைந்த அலைச்சலெல்லாம் வீணா!

ஆனாலும் விடவில்லை. "தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு எங்க கிணத்துல நாங்களே விட்ட ஆமைங்க. வீட்டு உருப்படி" என்று அடித்துவிட்டேன். அவர் லேசுப்பட்ட ஆளா? "அப்ப குத்தமில்ல. ஆனா கண்மாயிலருந்து தானா வந்ததுன்னா இந்தச் சம்பந்தம் ஆகாது. ஒங்க மச்சினன் படிச்சவுகதானே, எந்த ஆமைன்னு அவுக கையெழுத்தோட வாங்கிட்டு வாங்க" என்று கிளம்பிவிட்டார்.

நம் கிணற்றில் நிஜமாகவே விட்டிருப்பது காராமை. கண்மாயில் கிடப்பது பாலாமை. ஆகவே ஆமையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்து எழுதுகிறேன். வெற்றிலைப் பெட்டி அளவு. காராமைக்கு ஓடு கறுத்துக் கட்டியாயிருக்கும். இதற்கு முதுகு செருப்புத் தோல் மாதிரி வழவழவென்று, மேலே மஞ்சள் புள்ளி. அடிவயிறு வெள்ளை. பின்னங்காலை உள்ளே இழுத்ததும் இரண்டு மூடி வந்து கதவு சாத்துகிற மாதிரி அடைத்துக்கொள்கிறது. ஒத்துப்பார்க்கக் கண்மாய்க்கரையில் போய்க் குந்தினேன். அங்கே கல் மேல் வெயில் காய்ந்ததெல்லாம் இதே தோல், இதே புள்ளி. லேசாகச் செருமினேன், எல்லாம் தண்ணீரில் விழுந்து மறைந்தன. உங்கள் அக்காளிடம் சொன்னால், "ஆமைன்னா ஆமைதான், இதுல காரென்ன பாலென்ன?" என்கிறாள்.

இருந்தாலும் நீங்கள் படித்தவர். தேடினால் ஒரு காராமை அடையாளமாவது அகப்படாதா? வெயில்பட்டு வெளுத்த காராமை என்று முத்திரை குத்தி நாலு வரி எழுதிவிடுங்கள், புண்ணியமாப் போகும். பிள்ளையின் வாழ்க்கை இதில்தான் நிற்கிறது.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. வயிறும் மனசும் குளிர்ந்து இருங்கள்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வேலுத்தாய் பசைக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "கண்மாயிலருந்து நான்தாம்ப்பா பிடிச்சாந்து விட்டேன். ஆமை எந்த வகைன்னு நீங்க பாக்கீக, ஆளு எந்த வகைன்னு நான் பாத்தேன். ஆமைக்கே பெஞ்சுல ஏறுறவுக, கம்பெனியில ஒரு வெடி தப்பி வெடிச்சா பொண்டாட்டிய நெனப்பாகளா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. ஆகவே மேலே கேட்டதெல்லாம் வேண்டாம். சுத்தமான கண்மாய்ப் பாலாமை என்று கொட்டை எழுத்தில், முத்திரையோடு, மறுதபாலிலேயே அனுப்பவும்.