காலருக்குள் போன நட்சத்திரம்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையற்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, அதனால் கூடுதல் சுகம். அங்கே உங்கள் முதுகுவலியும் முன்கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள், நம் குருவி, சனிக்கிழமை எழுதப்போகும் மாணவர் வானியல் போட்டிக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று கெட்டி அட்டையில் அச்சடித்து அனுப்பினீர்களே, அதை நான் வெட்டிவிட்டேன். சட்டையை மடித்துக் கொடுக்கும்போது காலர் நிமிர்ந்து நிற்க உள்ளே ஓர் அட்டைப் பட்டை வைப்பது என் வழக்கம். மேசைமேல் கிடந்தது, நான்கு காலருக்கு நான்காக நறுக்கிவைத்து, சட்டைகளை உரியவர்களிடம் கொடுத்தும்விட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரை, அதிலும் பாதி நாள் பெஞ்சுமேல் நின்றபடி. எனக்கு அட்டை என்றால் அட்டைதான். "ரெண்டு வருஷமா இதுக்காகக் காத்திருக்கா. போய்க் கொண்டு வந்துட்டுச் சாப்பாடு கேளுங்க" என்றதுதான் உங்கள் தங்கையின் கடைசிப் பேச்சு.

கிளம்பினேன். பல் டாக்டர் வீட்டுக் குப்பைக்கூடையில் 'கோள்களின் இயக்கம்' கிடைத்தது. "என்னய்யா தேடறே?" என்றார். "உங்க வீட்டுல சனி இருந்துச்சு சார், எடுத்துட்டுப் போறேன்" என்றேன். 'தொலைநோக்கி' பஸ் டிரைவரின் காலருக்குள்ளேயே இருந்தது. "அதான் காலையிலேருந்து கழுத்து திரும்பல" என்றார். 'முக்கோணக் கணக்கு' மளிகைக்காரரின் மேசைக்காலுக்கு முட்டு; உருவியதும் மேசை ஆடியது, அவரும் ஆடினார். அந்தப் பட்டையின் கடைசி வரி 'நட்சத்திரங்களின் பிறப்பு'. அதற்கப்புறம் உள்ளதெல்லாம் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டையோடு விமானம் ஏறிவிட்டது.

"பொறந்தது வரைக்கும் கைல இருக்குப்பா. சாகறதுதான் மாப்பிள்ளையோட போயிருச்சு" என்றாள் குருவி, சிரிக்காமல்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை மச்சான். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து அளவெடுத்தவன், பெற்ற பிள்ளைக்குக் குறைய வெட்டிவிட்டேன். அந்தக் கடைசிப் பங்கை மட்டும் உடனே எழுதி அனுப்புங்கள். திட்டுவதாக இருந்தால் தனித்தாளில் திட்டுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது, புத்தி சொல்லப் படிப்பு போதாது.

இப்படிக்கு,
உங்கள் கத்தரிக்கோல்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டபோது குருவி இதை வாங்கிப் படித்தாள். பட்டியல் வந்த அன்றே முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, காலருக்கு ஆகுமே என்று அட்டையை என் மேசையில் போட்டதே அவள்தானாம். "ஏன்டி சொல்லல?" என்றேன். "ஒவ்வொரு பட்டையா கொண்டுவந்து, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டீங்க. உங்களுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு நல்லாப் பதிஞ்சுது. அதான் சொல்லாம விட்டுட்டேன்" என்கிறாள். என் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஆகவே நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஆனால் அந்த நட்சத்திரம் கடைசியில் என்ன ஆகிறது என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். போட்டி முடிந்துதான் சொல்வாளாம்.