படி எனக்கு, மாடி உனக்கு

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு மெட்ராஸ் முழுகிய வருஷம், அதே மழையில் நம் வீட்டை விட்டு டிராக்டர் ஏறிப் போய், இன்றுவரை ஆவடியில் மகன் பகலவன் வீட்டில் இருந்துவரும் தம்பி மண்ணாங்கட்டிக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து அண்ணன் கன்னியப்பன் மனசார வாழ்த்திச் சொல்லும் சேதி. நான் நலம். வீடு நலமில்லை. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். உன் மாடியில் வாடகைக்கு இருக்கிற திருநெல்வேலிக்காரன் மாசானம், ஷிப்டு முடிந்து வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான்.

விஷயம் என்னவென்றால், உன் மகன் பகலவன் ஒரகடத்திலிருந்து ஒரு ஆளை அழைத்து வந்தான். வீட்டை இடித்துவிட்டுக் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டப் போகிறார்களாம். "பெரிப்பா, நீங்க ஒரு கைநாட்டு, அப்பா ஒரு கையெழுத்து, அவ்ளோதான் மேட்டரு" என்றான். நான் வைத்துவிட்டேன். நீயும் போட்டுவிடு. இது மனிதன் ஆசைப்படுகிற வீடே இல்லை. வந்த ஆள் வீட்டைச் சுற்றி வந்து, "இன்னா பெரியவரே, ரெண்டு பக்கமும் ஒரு ஜன்னல் கூட இல்ல. இது வூடா தீப்பெட்டியா?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, அரக்குத் துரை கதையைச் சொன்னேன். ஏரி மதகுகளைப் பார்த்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரன், நம் தாத்தா அவனுக்குச் சமையல், வெயிலில் முகம் அரக்கு மாதிரி சிவந்துபோனதால் அந்தப் பெயர். அவனுடைய ஊரில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து வரிசையாக நிற்குமாம். நடுச்சுவர் பொதுவாம், அதனால் பக்கத்தில் ஜன்னல் கிடையாதாம். ஊர் ஞாபகம் தாங்காமல் அந்த வரிசையில் ஒரு வீட்டை மட்டும் நம் வயல் நடுவே கட்டிக்கொண்டான். குறுகலாக, உயரமாக, கீழே ஒரு நிலவறை, மேலே ஒரு மாடி, இந்த வேகாத வெயிலில் குளிர்காயக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக அடுப்பு, இரண்டுக்கும் சேர்த்துக் கூரை வரை ஒரே புகைபோக்கி. பக்கத்தில் யாராவது வந்து கட்டுவார்கள் என்று கடைசிவரை மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். ஒருவரும் கட்டவில்லை. தாத்தா பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் கப்பல் ஏறினான். இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரகடத்து ஆள், "அப்போ பக்கத்துல ஜன்னல் வெக்க முடியாதா?" என்றான்.

நைனா போன பிறகு பெரிய மனுஷர்கள் கூடி நமக்குப் பிரித்துக் கொடுத்த லட்சணம் உனக்கு மறந்திருக்காது. மூத்தவனுக்குக் கீழ், இளையவனுக்கு மேல் என்றார்கள். படிக்கட்டு தரையில்தானே நிற்கிறது, அதனால் அதுவும் மூத்தவனுக்கு என்றார்கள். வீட்டை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிட்டு, அதற்கு ஏறும் வழியை ஒருத்தனுக்கு மட்டும் கொடுத்த பஞ்சாயத்து உலகத்திலேயே நம்முடையதுதான். நீ சேற்றுக் காலோடு ஏறினாய், நான் "என் படி" என்று ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே நீ இரும்பு ஏணி வாங்கித் தெருப்பக்க ஜன்னலில் சாத்திவிட்டாய். பாவம் உன் பெண்சாதி அன்னக்கிளி, புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு அதில் ஏறினாள். அன்றோடு நமக்குள் பேச்சில்லை.

பேச்சில்லை என்று சொல்வது ஊருக்கு. புகைபோக்கி ஒன்றுதானே. நான் அடுப்பு வாயில் தலையை விட்டு, "மரகதம், மேல கீறவருக்கு இருமல் ஜாஸ்தியா கீது, கஷாயம் வெச்சிக்கச் சொல்லு" என்பேன். அவள் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து, "அன்னக்கிளி, கீழ கீறவரு பீடிய நிறுத்துனா என் இருமல் நின்னுடும்னு சொல்லு" என்று வரும். "நாங்க இன்னா தபால் பொட்டியா?" என்று மேலே உன் பெண்சாதியும் கீழே என் பெண்சாதியும் நின்று கேட்பார்கள். மரகதம் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அவள் பெயரைச் சொல்லித்தான் பேசினேன். நீயும் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை, பதில் மட்டும் சொன்னாய்.

வெள்ளத்தின்போது நிலவறை நிரம்பி, கூடம் நிரம்பி, தண்ணீர் பின்னாலேயே வர நான் என் படியில் ஒவ்வொன்றாக ஏறி உன் கதவு முன்னால் வந்து நின்றேன். அன்னக்கிளி திறந்து, "உள்ள வாங்க மாமா" என்றாள். நீ சுவரைப் பார்த்து, "படி வரைக்குந்தான் அவருது, இது என் மாடின்னு சொல்லு. சொல்லிட்டு சோறு போடு" என்றாய். தண்ணீர் வடியும் வரை ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஏரி உடையுமா உடையாதா என்று அவள் மூலமாகவே தர்க்கம் பண்ணினோம். பிறகு பகலவன் டிராக்டரோடு வந்தான். நீ போய்விட்டாய்.

அன்னக்கிளி சாவுக்கு ஆவடி வந்தேன். மாலையைப் போட்டுவிட்டு உன் பக்கத்தில் நின்றேன். அண்ணன்காரன் துக்கம் கேட்க வேண்டும். யாரைக் கூப்பிட்டு உனக்குச் சொல்லச் சொல்வது? மரகதம் என்று ஆரம்பித்தால் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அன்னக்கிளியைக் கூப்பிடலாம் என்றால் அவள்தான் அங்கே படுத்திருக்கிறாள். நீயும் என்னைப் பார்த்தாய், வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். நான் பூந்தமல்லியில் பஸ் மாறி வந்துவிட்டேன்.

இப்போது உன் மாடியைப் பகலவன் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து, ஆள் திரும்பிப் படுக்க முடியாத அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். போன வாரம் பழக்கதோஷத்தில் அடுப்பில் தலையை விட்டு, "மரகதம், மழ வர மாதிரி கீது, மேல துணி காயுதான்னு கேளு" என்றேன். "தாத்தா, மரகதம்னு இங்க யாருமில்லல்லா. துணிய அப்பமே எடுத்தாச்சு" என்று மாசானம் குரல் கொடுத்தான். தங்கமான பிள்ளை. ஆனால் திருப்பி ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்டவனிடம் எத்தனை நாள் பேசுவது.

ஆகையால் தயங்காமல் கையெழுத்துப் போட்டு வை. நான் சுங்குவார்சத்திரத்தில் மகள் மதிவதனி வீட்டுக்குப் போய்விடுகிறேன். அங்கே எல்லாப் பக்கமும் ஜன்னல். பகலவனுக்கும் மருமகள் பூஜாவுக்கும் என் ஆசி. உனக்கு ஆயுசு கெட்டியாக இருக்க அம்மன் துணை.

இப்படிக்கு,
உன் அண்ணன் கன்னியப்பன், கைநாட்டு.

பி.கு.: மாசானம் முழுக்கப் படித்துக் காட்டினான். கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் நீ கையெழுத்துப் போடாதே. வைத்துவிட்டேன் என்று மேலே சொன்னது பொய், நானும் அந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கவில்லை, மை காய்ந்துபோச்சு, அப்புறம் வைக்கிறேன் என்று பகலவனை ஏமாற்றி அனுப்பினேன். பலகைத் தடுப்பில் ஒன்று காலியாக இருக்கிறது, புறப்பட்டு வா. ஏணியைக் கழற்றிவிட்டேன், உள்ளே வந்து ஏறு, எந்தக் காலோடு வேண்டுமானாலும் ஏறு. இந்த வீட்டில் இருந்தவர்களில் நைனா இல்லை, அம்மா இல்லை, மரகதம் இல்லை, அன்னக்கிளி இல்லை. நான் சண்டை போட உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஆள், மண்ணாங்கட்டி.