நிதானக் கட்சியின் கடைசி பிஸ்கட்

வாழ்க ஆஃப்கே! எதிர்காற்றின் மார்பைப் பிளந்து மிதித்த இருசக்கரத் தேராளி, மழை நனைத்தும் மனம் நனையாத மாதரசி, காம்பன் நகருக்கு அப்பால் வயல்வெளிக் கோடியில் கணவன் மென்னோவோடும் இரண்டு வாத்துகளோடும் கொலுவீற்றிருக்கும் கோமகள் வாழ்க! ஸ்வோல்லே மாநகரில், சைக்கிள் கடையின் மாடியில், நிதானக் கட்சியின் தலைமைப் பீடம் வேண்டி அவள் ஆடிய பெரும்போரைப் பாட எடுத்துக்கொண்டோம். காற்றின் தெய்வமே, சற்று ஓய்ந்திரு. காபியின் தெய்வமே, ஆறாதிரு.

நிதானக் கட்சியின் தலைவர் மரபு நீண்டது. ஒருவரும் நீண்டநாள் இருக்காததால் நீண்டது. ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட். எடுத்த மாத்திரத்தில் டப்பாவின் மூடி விழும். இதுவே காற்றாலைகளும் கால்வாய்களும் நிறைந்த அந்நாட்டார் பால்குடி நாள்தொட்டுப் பேணும் பேரறம். கட்சியின் செயலாளரும் டப்பாவின் காவல்தெய்வமுமாகிய கேர்ட்யே அம்மையார் அந்த அறத்தின் வாள். அந்த வாளுக்குத் தப்பிய தலைவர் இதுவரை இல்லை.

கட்சியைத் தோற்றுவித்த ஹெர்பன், மேடையேறி முழங்கினால் மேய்ச்சல் நிலத்துப் பசுக்கள் அசைபோட மறக்கும் மாவீரன், மூடிய டப்பாவைத் தன் கையாலேயே திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தான், வீழ்ந்தான். அவனுக்குப் பின் பட்டமேறிய லுபெர்ட், மகிழ்ச்சி மிகுதியால் மூன்றடுக்குக் கிரீம் கேக்கைச் சுமந்துவந்தான். "சாதாரணமா இருந்தாப் போதாதா? அதுவே பெரிய கிறுக்குத்தானே," என்று ஊர்ப் பழமொழியை வீசினாள் கேர்ட்யே. கேக்கை எல்லோரும் சாப்பிட்டார்கள், பிறகு லுபெர்ட்டை நீக்கினார்கள். மூன்றாம் தலைவி நெல்லகே ஆரோக்கியத்தின் பெயரால் கேரட் துண்டுகளை டப்பாவில் நிரப்பினாள். கேரட் வாடுமுன் அவள் ஆட்சி வாடியது. நான்காமவன் டௌவே, பேச்சின் வேகத்தில் தன் பிஸ்கட்டைப் பக்கத்திலிருந்தவரின் காபியில் தோய்த்தான். அந்தக் கோர வரலாற்றை மேலும் சொல்ல நா கூசுகிறது. ஐந்தாம் தலைவி ரிக்ஸ்ட், கூட்டம் கலைந்தபின் தனித்திருந்து டப்பாவில் மிஞ்சிய கடைசி பிஸ்கட்டைத் தின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணினாள் பேதை. திரைச்சீலை போடாத ஜன்னல்களுக்குப் பேர்போன தேசமல்லவா அது? கால்வாய்க்கு எதிர்க்கரையில் இருந்த பாதிக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இவ்வாறு ஐவர் சாய்ந்த களத்துக்குத்தான் ஆஃப்கே வந்தாள். ஒவ்வொரு தலைவரும் வீழ்ந்த நாளில் கோப்பைகளைக் கழுவி வைத்தவள் அவள். கொட்டும் மழையில் சுவரொட்டி ஒட்டியவளும் அவளே. அவள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மாகாண சபையில் எழுந்து நின்று அதைக் கேட்கக் கட்சிக்கு இருந்தது ஒரே நாற்காலி, அது தலைவருடையது. அதனால் அவளுக்குத் தலைவியாக வேண்டும். நெஞ்சு கொள்ளாமல் வேண்டும். பேருந்து இல்லாத குறையால் மதிய ரொட்டியைக்கூடத் தொடாமல் கிளம்பி, காற்றோடு மல்லுக்கட்டி, பசியும் வேர்வையுமாக மாடியேறினாள். "ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு தட்டுல இருக்கும்," என்று வாசலில் நின்று மென்னோ பிரகடனம் செய்து அனுப்பியிருந்தான்.

எதிரே அமர்ந்திருந்தான் சீப்ரான்ட் கோல்க். நிலைவாசல்கள் தலைவணங்கக் கற்பித்த நெட்டுயரத்தான், புன்னகையே கேடயமாகப் பூண்டவன், அதே நாற்காலியை அதே அளவு விரும்பியவன். காபி வந்தது. டப்பா வலம் வந்தது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஆஃப்கே தன் பங்கை விழுங்கியது அவள் வயிற்றுக்கே தெரியவில்லை. அவமானத்தால் ரிக்ஸ்ட் வராமற்போனதால், அளந்து வாங்கிய பிஸ்கட்டில் ஒன்று மிஞ்சிவிட்டது. காற்றாலை வடிவில் வார்த்து, பட்டையும் கிராம்பும் மணக்க, டப்பாவின் நடுவே தன்னந்தனியாக அது கிடந்தது.

"ஒண்ணு இருக்கு," என்றாள் கேர்ட்யே.

எல்லாரும் அவசரமாகக் கோப்பையைக் கையிலெடுத்தார்கள். ரிக்ஸ்ட் விவகாரத்துக்குப் பின் கேர்ட்யே போட்ட புது விதிப்படி, டப்பா காலியாகி மூடி விழாமல் கூட்டம் தொடங்காது. எடுத்தால் பேராசை, எடுக்காமல் விட்டால் வீண். எடுத்தவள் கதி என்னவாயிற்று என்பதற்கு ரிக்ஸ்ட்டின் காலி நாற்காலியே சாட்சி.

"ஆஃப்கே, நீங்க எடுத்துக்கங்க. எவ்வளவு தூரம் மிதிச்சு வந்திருக்கீங்க," என்று முதல் அம்பைத் தேனில் தோய்த்து எய்தான் சீப்ரான்ட்.

"உங்க உயரத்துக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்? நீங்க எடுத்துக்கங்க," என்று அந்த அம்பைத் திருப்பிவிட்டாள் ஆஃப்கே. ஆனாலும் கை ஓயவில்லை; பிஸ்கட்டை இரண்டாக முறித்து ஒரு பாதியை டப்பாவிலேயே வைத்தாள், மறுபாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

"பாதியா? எனக்கெதுக்கு அவ்வளவு?" என்று அவன் அதைக் கால் ஆக்கினான். அவள் காலை அரைக்கால் ஆக்கினாள். அவன் அதையும் பிளந்தான். அடடா, அந்தப் போரை என்னென்பது! இறக்கைகள் அற்று விழுந்தன, கோபுரம் சரிந்தது, கதவு சிதறியது, பட்டைத்தூள் படைப்புழுதியாய் எழுந்து மேசையை மறைத்தது, இவ்வளவு வெட்டுக்கும் குத்துக்கும் பின்னும் ஒரு துணுக்குகூட யார் வாய்க்குள்ளும் போகவில்லை. காபி ஆறியது. வெளியே விளக்குகள் எரியத் தொடங்கின. செயற்குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு துணுக்குகளைப் பார்த்தார்கள், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல ஆறு மணிக்குத் தட்டு வச்சிருவாங்க," என்று யாரோ சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது ஆஃப்கேயின் வயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. போர்முரசென்று அதைப் புலவர் பாடலாம். கீழே சைக்கிள் கடைக்காரர் பலகை ஏதோ விழுந்ததென்று நினைத்தார். அவள் எழுந்தாள். தலைமையாவது நாற்காலியாவது என்று தோன்றியது அவளுக்கு.

"எனக்குப் பசிக்குது," என்றாள். "மத்தியானம் ஒண்ணும் சாப்பிடல. பஸ் இருந்திருந்தா சாப்பிட்டுட்டு வந்திருப்பேன். ஜன்னல்ல திரை இல்ல, பாக்கிறவங்க பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு, சிதறிய காற்றாலை முழுவதையும் உள்ளங்கையில் கூட்டி, தூளும் மிஞ்சாமல், ஒரே வாயில் போட்டாள். எதிர்க்கரையில் ஒரு குடும்பம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

கேர்ட்யே டப்பாவின் அடியை எட்டிப் பார்த்தாள். மூடியை அழுத்தினாள். "காலி," என்றாள். "ரிக்ஸ்ட் ஒளிச்சுத் தின்னா. இவ சொல்லிட்டுத் தின்னுருக்கா. இவ தலைவியா இருக்கட்டும்னு நான் சொல்றேன். ஆட்சேபம் உண்டா? கிழங்கு வெந்துட்டிருக்கும்."

கிழங்கு எல்லார் வீட்டிலும் வெந்துகொண்டுதான் இருந்தது. சீப்ரான்ட் வாயைத் திறந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "இல்ல," என்றான், மேலங்கியில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே.

எழுக சங்கே, முழங்குக முரசே! ஐவரை விழுங்கிய டப்பாவை விழுங்கி வென்ற ஆறாம் தலைவி, துணுக்கைத் துறவாத தூயவள், பசியைப் பசியென்று பகர்ந்த பாவை, பேருந்தை மீட்கப் பிறந்த பெருமாட்டி படியிறங்கினாள். அன்று கழுவாத கோப்பைகள் தொட்டிக்குள்ளிருந்து அவளை வாழ்த்தின. வரும்போது எதிரே வீசிய காற்று, புதிய தலைவிக்கு மரியாதை செய்வதுபோல் திசை மாறி, திரும்பும்போதும் எதிரே வீசியது. அந்தக் காற்றைக் கிழித்து, கால்வாய்களைக் கடந்து, நின்றுபோன பேருந்தின் வெறும் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, வெற்றிச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது.