தளபதி செங்கதிரின் காது

அண்டவெளியில் முப்பத்தொரு வருடம் உடம்பில் ஒரு கீறலும் விழாமல் சுற்றிவந்த தளபதி செங்கதிருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் முடிந்துவிட்டதென்று திங்கட்கிழமை காலை ஹியூபேட்டுக்குப் போன் வந்தது.

"உயிருக்கு ஒண்டுமில்லை அங்கிள்," என்றாள் தளபதியின் மகள் டில்ஷானி. "ஆனா இனி அப்பா கதைக்க ஏலாது."

"இந்தக் கிழமை மட்டும்தானே, மகள்?"

"இனி எண்டா, இனித்தான்."

ஹியூபேட் போனை வைத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் ஒலிப்பதிவு அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கிருந்துதான் 'வைகறை விண்கலம்' என்ற வானொலித் தொடர் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு நட்சத்திரங்களை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

தளபதியின் குரலைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு ஒன்றிரண்டு விபரம் சொல்லிவிடலாம். வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியர் கடினமான பற்களையெல்லாம் ஞாயிறு பத்து மணிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். விறைப்பு ஊசி தேவைப்படவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தையில் தளபதி பேசத் தொடங்கியதும் பலகையில் கிடந்த பாரைமீன்கள் கண்ணை மூடிக்கொண்டன. மீனுக்கு இமை இல்லையே என்று கேட்பவர்கள் அந்த நேரத்தில் அங்கே நின்றவர்களில்லை.

இவ்வளவு புகழிருந்தும் தளபதி யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தொடரை எழுதி நடத்திய உமாசுதனின் ஏற்பாடு அது. நிகழ்ச்சி முடிவில் எல்லா நடிகர்களின் பெயரும் வரும். கடைசியில், "தளபதியாக, தளபதி" என்று மட்டும் சொல்லப்படும். கதையிலும் தளபதி தனியாகத்தான் விண்கலத்தில் இருந்தார். ஆகவே உமாசுதன் அவரைத் தனியாகவே கூப்பிட்டு, தனியாகவே ஒலிப்பதிவு செய்தார். அவருக்கான வசனத்தை மட்டும் தன் கையாலேயே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தானே தபாலில் போட்டார்.

உமாசுதன் போன வருடக் கடைசியில் இறந்துபோனார். சாகும்போது உதவியாளரான ஹியூபேட்டின் கையைப் பிடித்து, "எது நிண்டாலும் கப்பல் நிக்கக் கூடாது" என்றார். எட்டு மாதத்துக்குப் போதுமான தளபதியை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்தும் வைத்திருந்தார். அதில் கடைசித் துண்டு நேற்றுத்தான் ஒலிபரப்பானது.

விலாசப் புத்தகத்தில் தளபதியின் உண்மைப் பெயர் இருந்தது: எட்வேட் பெர்னாண்டோ. அதை முதன்முதலில் பார்த்த அன்று, ஹியூபேட் பெர்னாண்டோ யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அண்டவெளியில் முதலாவது ஆள் எங்கட ஆள். அந்த ரகசியத்தை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

வானொலி நிலையத்துக்குப் போன் எடுத்தார்.

"ஞாயிறு தளபதி இல்லையெண்டா, அந்த நேரத்தைச் சோதிடர் ஒருத்தருக்குக் குடுத்திடுவம்," என்றார்கள். "அவர் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"சோதிடரும் கிரகங்களைப் பற்றித்தானே கதைப்பார்," என்று ஆறுதலும் சொன்னார்கள்.

ஹியூபேட் முதலில் றமேஷைப் பிடித்தார். வங்கியில் வேலை செய்யும் றமேஷ் கலியாண வீடுகளில் தளபதியைப் போலப் பேசிக் கைதட்டு வாங்குபவன். செவ்வாய்க்கிழமை அவனுடைய குரலில் அரை நிமிட முன்னோட்டம் போனது. பின்னேரத்துக்குள் நூற்றுப்பத்து அழைப்புகள். தளபதியை யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், பொலிஸில் சொல்லுங்கள் என்று பாதிப்பேர். மீதிப்பேர் ஒன்றும் சொல்லாமல் விம்மினார்கள். றமேஷின் வங்கியில் ஒரு வாடிக்கையாளர் அவனிடம், "தளபதியை எங்க வச்சிருக்கிறாய்?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தோடு றமேஷ் விலகிக்கொண்டான்.

புதன்கிழமை ஹியூபேட்டுக்குத் தலை சுற்றியது. இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் கொடுத்த இலக்கத் துண்டில் நாற்பத்தாறு என்றிருந்தது. காத்திருப்போர் வாங்கில் உட்கார்ந்து, சாய்ந்து கண்ணை மூடினார்.

"முப்பத்தொன்பது," என்றது ஒரு குரல்.

ஒரு பெண்ணின் குரல். உரத்த குரலில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு வேறு இலக்கம். ஹியூபேட்டும் நின்றுகொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவரும் பாதி எழும்பிவிட்டார் என்று சொல்கிறார்கள். முழுதாக என்று சொல்பவர்களும் உண்டு.

இலக்கம் கூப்பிட்டவள் பெயர் நிரோஷா. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி ஜிந்துப்பிட்டியில் குடியேறிய குடும்பம். ஹியூபேட் இரத்தம் கொடுக்காமலேயே அவளிடம் போனார்.

"விண்வெளியில ஒரு வேலை இருக்குது. வருவீங்களா?"

"அஞ்சு மணிக்கு டியூட்டி முடியும் சார். அப்பறம் வர்றேன்," என்றாள் அவள்.

அன்றிரவே ஹியூபேட் கதையைத் திருத்தினார். விண்கலம் ஒரு வால்நட்சத்திரத்தின் தூசுக்குள் புகுகிறது. மறுபக்கம் வெளியே வரும்போது தளபதி ஒரு பெண். விஞ்ஞானத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை நிரோஷாவின் முன்னோட்டம் போனது.

இம்முறை ஒரு அழைப்பும் வரவில்லை. ஹியூபேட் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை, போன் எடுப்பதில் நம்பிக்கை இழந்த மூன்று பேர் நேரடியாகவே வந்து வாசலில் நின்றார்கள்.

முதலாமவர் றோஸி மிஸ், வெள்ளவத்தையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தளபதியைப் போட்டுக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பழக்கியவர்.

"ஹியூபேட், பொம்பிளை எண்டது எனக்குச் சந்தோஷம். ஆனா தளபதி யாழ்ப்பாணத்தான். அந்த ழகரம் வேற எங்க விளையும்? இந்தப் பிள்ளைக்குத் தோட்டத்துப் பேச்சு."

"தோட்டத்துப் பேச்சுன்னா என்ன மிஸ் குறைச்சல்?" என்றார் ஜிந்துப்பிட்டியில் சைவக் கடை வைத்திருக்கும் பெரியதம்பி. "தளபதியே நம்ம ஆளு. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக்கன் பேசாம இருப்பாரு, கவனிச்சீங்களா? முருகனைக் கும்புடுறாரு. நம்ம பொண்ணு வந்தது பெருமைதான். ஆனா தளபதி பொம்பளைன்னா எப்புடிங்க?"

துணிக்கடை மக்கீன் தொண்டையைச் செருமினார்.

"முப்பத்தொரு வருஷம். நோன்பு மாசத்தில தளபதி ஒரு வாய் தண்ணி குடிச்சீக்கிறாரா? யோசிச்சுப் பாருங்க. நான் இதை வெளியில சொல்றதில்ல. எங்கட ஆள்."

ஹியூபேட் வாயைத் திறந்தார். அன்று நெஞ்சில் போட்ட சிலுவையை நினைத்து மூடிக்கொண்டார்.

சமாதானத்துக்காக, அன்று லீவு போட்டு ஒலிப்பதிவுக்கு வந்திருந்த நிரோஷாவை யாழ்ப்பாணத்துத் தமிழில் ஒருதரம் பேசச் சொன்னார். பெரியதம்பி எழுந்து வெளியே போனார். தோட்டத்துத் தமிழில் பேசச் சொன்னார். பெரியதம்பி உள்ளே வந்தார், றோஸி மிஸ் வெளியே போனார். வானொலிச் செய்தித் தமிழில் பேசச் சொன்னார். மற்ற இருவரும் வெளியே போக, மூன்று பேரும் படிக்கட்டில் முதன்முறையாக ஒற்றுமையாக நின்றார்கள்.

"இப்ப நான் யாரா பேசணும் சார்?" என்று நிரோஷா கேட்டாள்.

"தெரியேல்லை, மகள்," என்றார் ஹியூபேட்.

படிக்கட்டு மாநாட்டிலிருந்து தீர்மானம் வந்தது. றோஸி மிஸ் வாசித்தார்.

"தளபதியே தீர்ப்புச் சொல்லட்டும். அப்படித் தமிழ் பேசினவருக்கு அப்படி ஒரு காதும் இருக்கும். அந்தக் காது ஓமெண்டா நாங்களும் ஓம். இல்லையெண்டா, சோதிடர் வரட்டும்."

"அவரால கதைக்க ஏலாது, மிஸ்."

"கேக்கலாம்தானே?"

சனிக்கிழமை பின்னேரம் ஒரு வான் வண்டியில் ஐந்து பேர் கல்கிசைக்குப் போனார்கள். மாடிவீட்டுக் கதவை டில்ஷானி திறந்தாள். வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை செய்தவள்; வாய் நிறையத் தமிழில் "வாங்கோ, வாங்கோ" என்றாள்.

யன்னலோரம், சாரம் கட்டி, கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, தளபதி இருந்தார்.

மெலிந்த மனிதர். மடியில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். அண்டவெளி முழுவதையும் சுமந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அடங்கியிருந்ததைப் பார்த்து மக்கீன் தொப்பியைக் கழற்றினார். பிறகு அது மரியாதையில்லை என்று நினைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பெரியதம்பி கைகூப்பினார். இலக்கணத்தில் ஏழு சந்தேகம் எழுதிக்கொண்டு வந்த றோஸி மிஸ் தாளைக் கைப்பைக்குள் தள்ளினார்.

"ஐயா, தங்களின் தமிழே எங்கள் பேறு," என்றார்.

தளபதி புன்னகைத்துத் தலையசைத்தார். தற்பெருமை துளியும் இல்லை.

"எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா," என்று பெரியதம்பி கிசுகிசுத்தார்.

ஹியூபேட் நிரோஷாவைப் பார்த்தார். இவள் விழுந்தால் கப்பல் விழுந்தது. "எப்படி வருதோ அப்படியே பேசுங்கோ, மகள்," என்றார்.

நிரோஷா தாளை மடித்து வைத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அது உமாசுதன் கடைசியாக எழுதி வைத்த வசனம்.

"பூமியே, இங்கிருந்து பார்த்தால் நீ தெரியவில்லை. நீ அங்கே இருக்கிறாய் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு இரவும் உன் பக்கத்து விளக்கை மட்டும் நான் அணைப்பதில்லை. யாராவது பார்ப்பார்கள். யாராவது, நாமும் தனியாக இல்லை என்று நினைப்பார்கள்."

யாழ்ப்பாணமுமில்லை, தோட்டமுமில்லை. இரண்டையும் கடந்து எங்கோ போய் நின்ற பேச்சு. யன்னல் கம்பியில் இருந்த காகங்கள் கரையவில்லை. கல்கிசைக் கடலில் ஒரு அலை கரைக்கு வந்து, வசனம் முடியும்வரை உடையாமல் நின்றது. ஹியூபேட் எண்ணினார்: பதினொரு செக்கன். மக்கீனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பெரியதம்பியின் கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது.

தளபதியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கதிரையைப் பிடித்து மெல்ல எழுந்தார். நிமிர்ந்து நின்று, நிரோஷாவுக்கு சல்யூட் அடித்தார். வானொலியில் முப்பத்தொரு வருடமாக அவர் அடித்த சல்யூட்டை மற்றவர்கள் அன்றுதான் கண்ணால் கண்டார்கள்.



"தீர்ப்பு வந்திட்டுது," என்றார் றோஸி மிஸ், மூக்கைத் துடைத்தபடி. "ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பாத்துத்தான் அந்த மனுசன் அழுதவர். தமிழ் தெரிஞ்ச காது. இனி நான் வாய் திறக்க மாட்டன்."

"தளபதி பொம்பளைதான்," என்றார் பெரியதம்பி. "எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

மக்கீன் நிரோஷாவிடம், "நோன்பு மாசத்தில மட்டும் காட்சியில தண்ணி குடிக்காதீங்க, தங்கச்சி," என்று கேட்டுக்கொண்டார்.

ஹியூபேட்டுக்குக் கால் தரையில் படவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கப்பல் புறப்படும். எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, தளபதி கொப்பியில் எதையோ அவசரமாக எழுதி மகளிடம் நீட்டினார். டில்ஷானி வாசித்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம். அந்த அக்கா சொன்னதுக்குச் சிங்களத்தில என்ன அர்த்தம் எண்டு அப்பா கேக்கிறார். உமாசுதன் அங்கிள் சிங்கள எழுத்தில எழுதி அனுப்பினதைத்தானே இவ்வளவு காலமும் வாசிச்சவர், அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது."