மணிக்கு எத்தனை தடவை?

உலகத்து வியாதிகளுக்கெல்லாம் ஒரே கேள்வியில் மருந்து இருக்கிறது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். யார் எதைச் சொன்னாலும், “மணிக்கு எத்தனை தடவைங்க?” என்பார். இருமினால் கேட்பார். மாமியார் திட்டுகிறார் என்று மேனேஜர் புலம்பியபோதும் கேட்டார். நெய்வேலியில் எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனியில் அவர் பெயரே ‘எத்தனை தடவை’ என்றாகிவிட்டது. காடாம்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். தொழிலாளர்களின் வருகைப் பதிவு டேட்டாபேஸ் அவர் பொறுப்பு.

அப்போதுதான் கைரேகை மெஷின் வந்திருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்து அது உறைந்துவிடும். கேட்டில் அறுநூறு பேர் விரலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். புது சர்வர் வாங்கலாம் என்றார் மேனேஜர்.

“வேணாங்க” என்றார் எத்தனை தடவை. “டேட்டாபேஸ் எதச் செஞ்சாலும் ரீடோ லாக்னு ஒரு நோட்டுல எழுதிக்கும். நம்மகிட்ட மூணு நோட்டு, மூணும் குட்டி. ஒண்ணு ரொம்பினா அடுத்ததுக்குத் தாவணும். அது காலியாவலன்னா காத்துக்கினு நிக்கணும். அதான் ஜனமும் நிக்குது.”

“மணிக்கு எத்தனை தடவை தாவுது?” என்றேன் கிண்டலாக.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நூத்தி எண்பது! நோட்டு பெருசா இருந்தா மூணு நாலு தடவ தாவுனா போதுங்க!”

மறுநாள் மதியம் பெரிய நோட்டுகளைச் சேர்த்துவிட்டு, ‘டிராப்’ என்று தட்டினார். எனக்குத் தெரிந்த வரையில் டிராப் என்றால் ஒரேயடியாகத் தலைமுழுகுவது. ஐயோ, காலை ஷிஃப்ட் வருகை! என் கை தானாகப் போய் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

திரை இருண்டது.

“சார்... இன்னா பண்ணீங்க?”

“காப்பாத்தினேன்.”

“யார?”

அவர் பிளக்கைச் செருகி, மூச்சு விடாமல் திரையையே பார்த்தார். சில நிமிடங்களில் பெயர்கள் வரத் தொடங்கின. அறுநூறு பேரும் வந்துவிட்டார்கள்.

“நான் தூக்கினது பழைய நோட்டுங்க. இப்ப எழுதிக்கினு இருந்த நோட்டு அப்படியே இருந்திச்சி. அதப் பாத்து டேட்டாபேஸே எல்லாத்தையும் சரி பண்ணிக்கிச்சி.”

அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். “சர்வர் ஏன்யா நின்னுச்சு?”

என் கான்ட்ராக்ட் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

“கரண்ட் போயிடிச்சுங்க” என்றார் எத்தனை தடவை.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் இப்படியொரு பொய்! மேனேஜர் அதிர்ந்துபோய், சுழன்றுகொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

“சரிங்க, நான்தான் தப்பா நிறுத்திட்டேன்” என்று எத்தனை தடவை தலைகுனிந்தார்.

மாலை ஷிஃப்ட் மாறியபோது வரிசை நிற்காமல் நகர்ந்தது. ஆனால் மெமோ அவர் பெயருக்குத்தான் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“வாங்க சார், டீ குடிக்கலாம். வழியில எந்தப் பிளக்கையும் தொடாதீங்க.”