கையில கிரீஸ் வாசம்

எங்கேயாவது கிளாஸுன்னு ஒண்ணு நடந்தா, அந்தத் தெரு வழியாக்கூடப் போகக் கூடாது. பாலிடெக்னிக்கைப் பாதியில விட்ட அன்னைக்கே நான் எடுத்த முடிவு இது. என் பொண்டாட்டி தேவதர்ஷினிதான், "என்னங்க, இன்னும் எத்தனை நாளைக்குச் சும்மாவே இருப்பீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா.

"சும்மா இருக்கிறதும் தொழில்தான்டி. லீவே கிடையாது."

கொஞ்ச நாளா அவ கேக்கறதையே நிறுத்திட்டா. அங்கதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பிச்சுது.

அதோட தினமும் பொன்மலையில பஸ் ஏறி, "ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிட்டு வரேங்க"ன்னு கிளம்பறா. பெருமாளைப் பார்த்துட்டு வர்றவ கையில துளசி வாசம்தானே வரணும்? இவ கையில கிரீஸ் வாசம்!

"கை ஏன்டி கருப்பா இருக்கு?"

"கோயில்ல ஒரே கூட்டங்க."

கூட்டத்துல கசங்கலாம். கருக்குமா? யாரோ ஒரு மெக்கானிக்கைப் பார்க்கத்தான் போறா!

மறுநாள் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அதே பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கத்துல இறங்கினவ கோபுரத்துக்கு முதுகைக் காட்டிட்டு ஒரு ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா. நானும் நுழைஞ்சு ஒரு ஓட்டை வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி பதுங்கினேன்.

உள்ளே பழைய மிக்ஸி, ஃபேனையெல்லாம் பிரிச்சுப்போட்டு ரிப்பேர் வேலை கத்துக்கொடுக்கறாங்க. வீல்சேர்ல ஒருத்தர், பேத்தி எடுத்த ரோசம்மாள், கண்ணு தெரியாத அல்ஃபியான்னு எல்லாரும் கையில ஸ்க்ரூ டிரைவரோட இருக்காங்க. என் பொண்டாட்டியை மட்டும் காணோம்.

சட்டுனு அல்ஃபியா, "மாஸ்டர், அந்த வாஷிங் மெஷின் மூச்சு விடுது"ன்னுச்சு.

மாஸ்டர் பஷீர் அகமது எட்டிப் பார்த்தார். "வாங்க மருதை! படிப்பைப் பாதியில விட்டவங்களுக்குன்னு வச்ச சீட்டு உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

அவர் நீட்டின நீலக் கோட்டு எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. பாக்கெட்டுல என் பேரு வேற தச்சிருந்துச்சு.

பக்கத்துக் கதவுல இருந்து தேவதர்ஷினி வந்தா. "சேருங்கன்னு சொன்னா வருவீங்களா? சந்தேகம்னா சந்திரனுக்குக்கூட வருவீங்க. அதான்."

"நான் பின்னாடி வந்தது உனக்கு எப்படிடி தெரியும்?"

"பஸ்ஸுக்குள்ள ஹெல்மெட் போட்டிருந்தது நீங்க ஒருத்தர்தாங்க."

ஷெட்டே சிரிச்சுது. மானம் போனது போகட்டும்னு, "சரி, நீயும் இங்கதான் படிக்கிறியா?"ன்னேன்.

"நானா? இங்க யாரு படிச்சா? தினமும் அடுத்த தெருவுல இருக்கிற எங்க அக்கா வீட்டுல நல்லாத் தூங்கிட்டு, கிளம்பறப்போ மாமா சைக்கிள் செயின்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு வந்தேன். இனிமே அந்த அலைச்சல் இல்லைங்க. நீங்கதான் இங்க இருப்பீங்களே, நம்ம வீட்டுலயே தூங்கிக்கறேன்!"