குசினியில் முடிந்த கட்டடக்கலைச் சுற்றுலா

எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். இதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே நாளில் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது தலவாக்கலையில் வீடுகளுக்குப் பிளான் கீறிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு எனக்கும் கவிதாவுக்கும் சம்மதம். வட்டகொடையிலிருந்த அவள் அப்பாவுக்குத்தான் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷினோடு மல்லுக்கட்டியவர் அவர்.

"கோடு கீறுறதெல்லாம் ஒரு வேலையா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

கோடு கீறியே உலகப் புகழ்பெற்ற ஒரு கட்டடக் கலைஞரின் பங்களா நுவரெலியாப் பக்கம் இருந்தது. இப்போது ஹோட்டல். முன்கூட்டியே சொன்னால் சுற்றிக் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் மாமா மனம் மாறுவார் என்று அவர், கவிதா, நான் என மூன்று பேருக்குப் பதிவு செய்தேன். பஸ்ஸிலேயே பிரசங்கம் தொடங்கியது.

"இந்த வீட்டோட உசுரே முன்வாசல்தான் மாமா. நுழையறப்பவே உடம்பு சிலிர்க்கும்." (நானே போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.)

கேட்டைத் தாண்டியதும் என் கால்கள் துரோகம் செய்தன. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு எதற்குப் போனாலும் எங்கள் ஆட்கள் பின்பக்கமாகத்தான் போவார்கள். வாய் முன்வாசலின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்க, கால்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயின. கூட வந்த மாமாவுக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

குசினி வாசலில் நின்ற சமையல்காரர் எங்களைப் பார்த்ததும் பாய்ந்தார். "மூணு பேருதானே? ஏன் இவ்வளவு லேட்டு? வாங்க, வாங்க!"

ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து, வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக்ஸ் நிறைந்த கூடை முன்னால் உட்காரவைத்தார். மூன்று பேர் என்று சரியாகச் சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்ன தம்பி இது?"

"புது முறைங்க மாமா. வீட்டப் பாக்குறதுக்கு முன்னாடி அதுல கொஞ்சம் வாழ்ந்து பாக்கணும்."

"லீக்ஸ் நறுக்கியா?"

"வெளிநாட்டுக்காரங்க இதுக்குன்னே வாராங்க மாமா."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். (அழவில்லையாம்.) இரண்டாவது கூடையில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்தப் புகைக்கூண்டு சாஞ்சிருக்கிற அழகப் பாருங்க மாமா. மேதைன்னா மேதை!"

"அது போன மழையில சாஞ்சது. கைய ஓட்டுங்க," என்றார் சமையல்காரர்.

அப்போது மூன்று பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "பஸ் இல்லீங்க, அதான் லேட்டு. எங்க இருக்கு லீக்ஸ்?"

அவர்களுக்குப் பின்னாலேயே ஹோட்டல் வழிகாட்டிப் பெண். "தலவாக்கலையிலேருந்து சுத்திப் பாக்க வந்த மூணு பேரு இங்க வந்தாங்களா? முன்வாசல்ல ஒரு மணி நேரமா நிக்கிறேன்."

கூடைக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாமா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி, முன்வாசல்ல போகல?"

"தோணலங்க மாமா." அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"எனக்கும் தோணலயே!" என்ற மாமா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாப்பிள்ள, இப்ப முன்னால போவோம்," என்றார்.

மாப்பிள்ளை! அதன் பிறகு பங்களா முழுவதும் சுற்றினோம். சந்தோஷத்தில் ஒரு தூண்கூட என் கண்ணில் படவில்லை.

பிற்பாடு லிந்துலையில் எங்களுக்கு வீடு கட்டியபோது பிளான் நான்தான் கீறினேன். பின்கதவை எங்கே வைப்பது என்று மேசன் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"பின்கதவே வேணாம். ரெண்டு கதவு இருந்தா எங்க மாப்பிள்ள தப்பான கதவுலதான் போவாரு."

இன்றுவரை எங்கள் வீட்டுக்கு ஒரே கதவுதான். மீன் வந்தாலும் மந்திரி வந்தாலும் அதே வழி.